மலைப் பிள்ளைகளுக்கும் விளையாட்டு வகுப்பு வேண்டும்

அனுப்புநர்:
ஞா. கித்தேரியம்மாள்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கவுஞ்சி, கொடைக்கானல் வட்டம்.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
பெண்கள் கல்லூரி.

பொருள்: மலைக்கிராம மாணவியருக்கு உடற்பயிற்சி வகுப்பிலிருந்து தந்த விலக்கை நீக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

"மலையேறி இறங்குற பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி எதுக்குங்க டீச்சர்?" என்று, என்னிடம் படித்த சண்முகசுந்தரியைப் புகுமுக வகுப்பில் சேர்க்க நான் வந்த அன்று தாங்கள் சிரித்தபடி கேட்டீர்கள். உடற்பயிற்சி வகுப்பு நேரத்தில் மலைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஏற்பாடும் செய்தீர்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆயினும் இம்மனு அதைப் பற்றியதே.

1. தீபாவளிக்கு வந்தவள் வெளிறிப் போயிருந்தாள். "புஸ்தகத்தத் தொறந்தா நெஞ்சு படபடங்குது டீச்சர். ராத்திரி ஒறக்கமே இல்ல" என்றாள். நோய் ஏதுமில்லை என்றார் மருத்துவர். அவள் தாய் மூக்கம்மாவோ, "படிப்பு ஒத்துக்கலைங்க. மூட்ட தூக்கயில கல்லாட்டம் இருந்தா" என்கிறார். தந்தை அழகர் வரும் திங்கட்கிழமை அவளுடைய சான்றிதழ்களைத் திரும்பப் பெற அங்கு வருகிறார். எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்.

2. இங்கே தண்ணீர்க் குடத்தோடு மேடேறுவாள், பள்ளிக்கு நடப்பாள், மாலையில் பூண்டுக் காட்டில் களையெடுப்பாள். அங்கே விடுதி அறை, வகுப்பறை, உணவுக்கூடம், அவ்வளவுதான். மற்றவர்கள் விளையாடும் கூச்சல் காதில் விழ, இவள் உட்கார்ந்து ஆங்கில இலக்கணம் எழுதுகிறாள். உழுது பழகிய மாட்டைத் தொழுவத்திலேயே கட்டிப்போட்டால் அது தீவனத்தை மறுக்கும். புது ஊர், புரியாத ஆங்கிலம், தேர்வு பயம் எல்லாம் வந்து சேரும் உடம்புக்கு ஓடி வியர்க்க ஓர் இடம் வேண்டாமா, அம்மா?

3. விடுமுறையில் உருளைக்கிழங்கு எடுக்கப் போனாள். மறுநாள், "அடிச்சுப் போட்டாப்புல தூங்கிட்டேன் டீச்சர்" என்று வந்து நின்றாள். யாரும் சொல்லாமலே புத்தகத்தையும் எடுத்தாள். "எங்களயும் வெளையாட விட்டா இருந்துருவேன். மலைக்காரி பந்த பள்ளத்துல தேடுவான்னு கேலி பேசுவாளுக. பேசட்டும்!" என்கிறாள். அழகரிடம் பேசினேன். "காலேஜு சொன்னாச் சரிங்க" என்றார்.

ஆகவே அவ்விலக்கை நீக்கி, ஆங்கில வகுப்பை வேறு நேரத்துக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். திங்கட்கிழமை அவளும் தந்தையுடன் வருவாள். சான்றிதழ்களைக் கொடுப்பதற்கு முன், அவளை ஒரு மணி நேரம் மைதானத்தில் விட்டுவிட்டு, பிறகு கூப்பிட்டு அவளையே கேட்டுப் பாருங்கள்.

இடம்: கவுஞ்சி
நாள்: 28.10.1976

இப்படிக்கு,
ஞா. கித்தேரியம்மாள்