மஸ்கட்டில் புயல் இல்லை

அன்பு மகள் முத்துமாரிக்கு, ஊரூர் குப்பத்திலிருந்து நைனா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அங்கே உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க எல்லையம்மனைக் கும்பிட்டு எழுதுகிறேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். காலையில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. முடித்ததும் யாரிடமாவது போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

நீ வேலையை விட வேண்டாம். மஸ்கட் ஆஸ்பத்திரியில் கொடுக்க எழுதி வைத்திருக்கிறாயே, அந்த ராஜினாமாவைக் கிழித்துப் போடு. உடனே கிளம்பி வா என்று போனில் நான் கத்தியது என் தப்பு.

படிக்கக் கற்றதும், கடலுக்குப் போகுமுன் காற்றைப் பார்ப்பதுபோல் தினமும் விடிந்ததும் மஸ்கட் புயல் என்று போனில் தேடினேன். பிறகு மஸ்கட் என்று மட்டும் எழுதினாலும் புயலும் வெள்ளமும்தான் வந்தன. ஊர்ப் பலகையில் எழுதிப் போட்டதுபோல் எல்லாருக்கும் இதேதான் தெரியும் என்று நம்பிவிட்டேன். இங்கே வெறும் வெயில்தான் நைனா என்று நீ சொன்னதையும், எனக்காக மறைக்கிறாய் என்றே எடுத்துக்கொண்டேன்.

நேற்று எழுத்து வகுப்பில் சுலோச்சனா டீச்சரிடம் காட்டி அழாத குறை. அவர் தன் போனிலும் மஸ்கட் என்று எழுதினார். பூங்கா, பேரீச்சம்பழச் சந்தை, பஸ் நேரம், இவ்வளவுதான் வந்தது. நீங்க எதைத் தேடித் தேடிப் பாக்குறீங்களோ அதையே முன்னாடி கொண்டாந்து வைக்கும் ஐயா, இதுல பாதி பழைய வருஷத்து வெள்ளம், தேதியப் பாருங்க என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூட வந்திருந்த உன் அம்மா, நீ பயந்தாங்கொள்ளின்னு போனுக்கே தெரிஞ்சி கீது என்றாள், வகுப்பே சிரித்தது.

ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம். வீடு வீடாக மீன் விற்கும் அம்மாவும், வஞ்சிரம் வாங்குகிற வீட்டுக்கு வஞ்சிரத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவாள். ஆனால் கூடை திறந்திருக்கும், நண்டும் சங்கராவும் கண்ணில் படும். இந்தப் போன் மற்றதையெல்லாம் சாக்குப் போட்டு மூடிவிட்டு, கடலில் இதுதான் கிடைத்தது என்கிறது. மூடினால் மூடியிருக்கிறேன் என்று சொல்ல வேண்டாமா? அதை நம்பி உன் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தேனே.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ராஜினாமாவைக் கிழித்ததும் சொல். இனிமேல் உன் ஊர்க் காற்றை உன்னிடமே கேட்டுக்கொள்கிறேன், நீ வெயில் என்றால் எனக்கும் வெயில்தான்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும் உன் நைனா,
ரங்கன்