பெருக்கி வைத்த பீன்ஸ் காடு

அக்கா,

மாரமங்கலம் ரோட்டில் மழைக்கு மண் சரிந்து, இரண்டு நாளாகக் காய் ஏற்றும் ஜீப் வரவில்லை. பறித்துக் கட்டிய பீன்ஸ் மூட்டையிலிருந்து இன்று காலை அழுகல் வாடை கிளம்பியது. உடனே உங்கள் நினைப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், மல்லிகை வாசத்திலா உங்களை நினைக்க முடியும்?

ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் என் காடு, அந்தப் பக்கம் உங்கள் காடு. கொரோனா ஊரடங்கில் இரண்டிலும் பீன்ஸ் காய்த்துத் தொங்கியது. மலையிலிருந்து சேலத்துக்கு இறக்க வண்டியில்லை. பறித்தது மூட்டையில் அழுகியது, பறிக்காதது கொடியிலேயே முற்றியது. நட்டமடைந்த காடுகளுக்கு அரசாங்கம் நிவாரணம் தரும், அதிகாரி நேரில் பார்த்து எழுதுவார் என்றார்கள். உங்களுக்கோ அடுத்த விதைப்புக்கு விதை வாங்க வழியில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் அவர் சொல்வதுதான் விலை. அந்த நிவாரணத்தைத்தான் மலைபோல நம்பியிருந்தீர்கள்.

அதிகாரி வருகிறார் என்றதும் என்ன செய்தீர்கள்? வெளியாள் வந்தால் வீடு வாசலைச் சுத்தமாக வைப்பது நம் வழக்கம்தான். அதற்காகக் காட்டையுமா? அழுகியதை எல்லாம் வாரிக் குழியில் போட்டு மூடினீர்கள். கொடியைப் பிடுங்கினீர்கள். களத்தில் சாணம் தெளித்துப் பெருக்கி, அவருக்குக் காப்பியும் போட்டு வைத்தீர்கள். அவர் காப்பியைக் குடித்தார், காட்டைப் பார்த்தார், நட்டம் ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டார். குப்பையாகக் கிடந்த என் காட்டுக்கு மட்டும் தாராளமாக எழுதினார். என் சோம்பலுக்குக் கிடைத்த பரிசு அது.

உங்களைத் திட்டித் தீர்த்தேன். “நொம்ப நாத்தமடிச்சுது கண்ணு” என்றீர்கள், அவ்வளவுதான். அதிகாரியிடம் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பியபோது என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நீங்களே போய் அவர் ஜீப்புக்கு முன்னால் நின்றீர்கள்.

“ஏனுங்க சார், ஊட்டுக்கு வர்றவங்க முன்னால அழுகுனதப் பரப்பி வெக்கறதுங்களா? நட்டம் பொய்யில்லீங்க, குழிக்குள்ள கெடக்குது. வாங்க, தோண்டிக் காட்டறன்.”

அவருக்கு மறுக்கத் தெரியவில்லை, கூடவே வந்தார். நீங்கள் நாலு வெட்டு வெட்டியதும் முகக்கவசத்தின் மேல் கைக்குட்டையையும் வைத்து அழுத்திக்கொண்டார். போதும் என்று சொல்லியும் நீங்கள் விடவில்லை, அடிமண் தெரியும்வரை தோண்டினீர்கள். எழுதியதை அங்கேயே அடித்துவிட்டு வேறு எழுதினார். எனக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன. அந்தப் பணத்தில் விதை வாங்கினீர்கள், அடுத்த போகத்தில் உங்கள் பீன்ஸுக்கு விலை சொன்னது நீங்கள்தான்.

நல்லபடியாக இன்னும் சில போகம் எடுத்தீர்கள். பிறகு ஒரு நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள்.

இப்போது செம்மநத்தத்தில் ஒரு பெண்ணுக்கு போன மாத மழைக்கான நிவாரணம் இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். காட்டை யாரும் வந்து பார்க்கவே இல்லை. மறுபடி போய்க் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று என்னிடம் போனில் கேட்கிறாள். எனக்குக் கத்தத்தான் தெரியும். அதிகாரியைக் கையோடு கூட்டிவந்து காட்டலாம் என்பது உங்களைப் பார்த்து வந்த புத்தி. நாளைக்கு அவளோடு ஆபீசுக்குப் போகிறேன். ரோடு திறக்காவிட்டால் நடந்தே போவேன். அதிகாரி அவள் காட்டில் கால் வைக்கும்வரை வீடு திரும்ப மாட்டேன், அக்கா.