ஊரை விட்டுப் போகாத விருந்தாளி

அன்பு மகள் டபிதாவுக்கு,

அப்பா எழுதுவது. கடவுள் தயவில் அம்மா நலம், நான் அவள் ஏச்சில் நலம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

நூலகமும் அச்சகமும் நடக்கின்றன. என்னைப் போல நாவல் இரவல் கொடுக்கிறவனை நகரசபையில் உட்கார வைத்தால் அவன் பேச்சு எடுபடுமா? ஆகஸ்டில் கடற்கரைப் பம்புத் தண்ணீரால் காய்ச்சல் கிளம்பியது, டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் சபைத் தலைவர் கிரிம்வேட் பெரிய ஹோட்டல்காரர் அல்லவா, வெளியே தெரிந்தால் சீசன் போச்சு என்றார். பம்பைப் பூட்டுவோம், மறைக்க வேண்டாம் என்று நான் ஒருவன்தான் சொன்னேன், அதுவும் இருமலோடு சேர்ந்து வந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

நம் வாரப் பத்திரிகையில் ஊருக்கு வந்து தங்கியிருப்பவர்கள் பெயரைப் போடுவோமே, அச்சுக்குக் கோத்த ஈய எழுத்து வாராவாரம் அப்படியே இருக்கும், ஊரை விட்டுப் போனவர் வரியை மட்டும் கலைப்போம். அதில் அவெரில் அம்மாளும் ஆறு வயது மகன் எட்வினும் இருந்தார்கள். பையன் காய்ச்சலில் போய்விட்டான். அடக்கம் முடிந்து, அவன் இரவல் வாங்கிய படப் புத்தகத்தைத் திருப்பித் தர அந்த அம்மாள் வந்தாள். பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன், எனக்கு எப்போது எதைக் கேட்பதென்று தெரியாது என்பது உனக்குத் தெரியும். "என் பையன் உங்க ஊரை விட்டுப் போகலையே ஐயா. அவன் பேரை எடுக்காதீங்க," என்றாள்.

எடுக்கவில்லை. இப்போது அக்டோபர், வந்தவர்கள் எல்லாரும் போய், போன வாரப் பட்டியலில் அவன் ஒருவனே நின்றான். கிரிம்வேட் கடைக்கே வந்துவிட்டார். "என்னய்யா, ஒரு பொடியன் தனியாவா தங்கியிருக்கான்? ஊரே சிரிக்குது. சரிபண்ணு, இல்லேன்னா சபையில உனக்கு நாற்காலி இல்ல," என்றார். வரி முழுசாக இல்லை, திருத்திவிடுகிறேன் என்றேன். சந்தோஷமாகப் போனார். பம்பு இன்னும் திறந்துதான் கிடக்கிறது, மீனவர் சந்தில் மறுபடி காய்ச்சல்.

திருத்திவிட்டேன். "எட்வின் அவெரில். தங்கியிருக்கும் இடம்: தேவாலயக் கல்லறை. குடித்தது: கடற்கரைப் பம்புத் தண்ணீர்." நாளை காலை பத்திரிகை வெளியாகும். கல் விழும் என்று அம்மா ஜன்னலுக்குப் பலகை அடிக்கிறாள், சுத்தியலை என்னிடம் தரவில்லை.

உங்கள் வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி அம்மா.

இப்படிக்கு, நாற்காலி போகப்போகிற உன் அப்பா,
ஜோசையா பெல்லோ