இருநூற்றுப் பன்னிரண்டாவது இடம்

நாள் 402. 07:00

கண்ணாடிகள் 64. இயங்குபவை 64.

ஒவ்வொன்றும் மிளகில் பாதி. மின்னழுத்தம் கொடுத்தால் சாயும். சாய்ந்த திசையில் லேசர் போகும். பதினேழாம் கண்ணாடி சனிக்கோளை நெருங்கிக்கொண்டிருக்கும் ‘கொற்கை’ கப்பலுக்கு. கொடுக்க வேண்டியது 143.260 வோல்ட். மீட்டர் காட்டுவது 143.260. பிழை இல்லை.

பூமிக்கும் கப்பலுக்கும் நடுவே இப்போது சூரியன். அது விலகும்வரை அவர்களுக்கான பேச்செல்லாம் இந்த நிலையம் வழியாக. இங்கே நான் ஒருத்தி. பெயர் ஜெசிந்தா.

மற்றபடி குறிப்பிட ஒன்றுமில்லை.

நாள் 402. 18:20

கப்பலிலிருந்து இசக்கிமுத்து. அங்கே தகவல் தொடர்பு அவன் பொறுப்பு. ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை.

“ஏட்டி ஜெசி, ஒன் சத்தத்தையே காணும். மூணு நாளாக் கூப்பிடுதேன். மக்ரூன் பாக்கெட்ட நான் எடுத்தது தெரிஞ்சுபோச்சோ? சரி, எடுத்தேன். இப்பவாது வாயத் தொற.”

மூன்று நாளும் பதில் அனுப்பியிருக்கிறேன். ஒளி போய்ச் சேர பதினான்கு நிமிடம். போகிறது. சேரவில்லை.

நாள் 404. 10:15

லேசர் சரி. கண்ணாடி சரி. மின்னழுத்தம் 143.260. மீட்டரில் கடைசி இலக்கம்கூட அசையவில்லை.

பூமிக்கும் என் ஒளி எட்டவில்லை போலும். இரண்டு நாளாக அதே கேள்வியைத் திருப்பி அனுப்புகிறார்கள். நிலையத்தின் ரேடியோ கேட்க மட்டும். பேசுவதற்கு லேசர். எடை குறைக்க அப்படிச் செய்தார்கள்.

இதைக் கண்டெடுப்பவருக்காக எழுதிவைக்கிறேன். 408ஆம் நாள் 11:00 மணிக்கு ‘கொற்கை’ தன் எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். எத்தனை வினாடி என்ற எண்ணைப் பூமி கணக்கிட்டு என் வழியாகத் தரும். மூன்று இலக்க எண். 150க்கும் 220க்கும் நடுவில் ஏதோ ஒன்று. எண் வராவிட்டால் 185 என்று வைத்து எரிப்பார்கள். இருபது வினாடிப் பிழைவரை திருத்திக்கொள்ள எரிபொருள் உண்டு. அதற்கு மேல் எரித்தால் சனிக்குள் விழுவார்கள்.

பதினொரு பேர்.

நாள் 405. 06:40

ஞாபகம் வந்தது.

ஐந்து வருடத்துக்கு முன், ஆய்வகம். கண்ணாடிகளுக்கு மின்னழுத்தம் கொடுக்கும் டிரைவர் சுற்று ஒரு அளவு சொன்னது. மீட்டர் நான்கு மில்லிவோல்ட் தள்ளிச் சொன்னது. மதியம் பரிசோதனைக் குழு வருகிறது. மீட்டருக்குள் இருந்த, சரியான வோல்ட் எது என்று சொல்லும் ஆதாரச் சில்லைக் கழற்றினேன். டிரைவரின் ஆதாரச் சில்லிலிருந்தே ஒரு கம்பி இழுத்து மீட்டருக்குக் கொடுத்தேன். இரண்டும் ஒத்துப்போயின. இசக்கி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். ஒத்துப்போகுதுல்லா, விடு என்றான். குழு பாராட்டியது.

மூடியைத் திறந்து பார்த்தேன். கம்பி இருக்கிறது. நான் ஈயம் உருக்கி ஒட்டிய சால்டர். நன்றாகவே வைத்திருக்கிறேன்.

சில்லின் அளவு மெல்ல நகர்ந்திருக்கிறது. மீட்டரும் கூடவே நகர்ந்திருக்கிறது. ஒரே சாட்சியைத் தினமும் இரண்டு முறை விசாரித்து, இருவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்று எழுதிவந்திருக்கிறேன். 404 நாள்.

நாள் 406. 16:00

வேறு சாட்சி தேட வேண்டும். மருந்துப் பெட்டியில் வெப்பமானிக்கான வெள்ளி பேட்டரிச் செல்கள் நான்கு, பிரிக்காதவை. அவற்றின் மின்னழுத்தம் ஏறக்குறையத் தெரியும். வைத்து ஒப்பிட்டேன். சரியான மின்னழுத்தம் எங்கே இருக்கும் என்று இருபது மில்லிவோல்ட் முன்பின்னாகச் சொல்ல முடிகிறது.

கப்பலைத் தொட இரண்டு மில்லிவோல்ட் துல்லியம் வேண்டும்.

“ஏ ஜெசி, வெளயாடாத. கேப்டன் மூஞ்சி சரியில்ல.”

நாள் 407. 05:00

துழாவப் போகிறேன். நெடுக்கில் இருபது இடம், குறுக்கில் இருபது. மொத்தம் நானூறு. இடத்துக்கு மூன்று நிமிடம். ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்தின் எண்ணை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்புவேன். ஒளியின் ஓரம் பட்டால்கூட ஒரு எண் போய்ச் சேர்ந்துவிடும். சொற்கள் போகாது. எந்த எண் கேட்டது என்று அவன் சொன்னால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

எரிப்பு எண் இன்னும் பூமியிலிருந்து வரவில்லை. வந்ததும் அனுப்ப ஒரு வழி தயாராக இருக்கும்.

ஒன்று.

நாள் 407. 15:50

இடம் 217. பூமியின் எண் வந்தது. 171.

இனி இதையும் சேர்த்து அனுப்புகிறேன்.

நாள் 407. 16:04

“ஜெசி! வந்துட்டுட்டி! இருநூத்திப் பன்னெண்டு! மூணு நிமிசம் அதே நம்பரு, கண்ணாடி மாதிரி! கேப்டன் என்னயக் கெட்டிப் புடிச்சிட்டாரு.”

அழுதேன். மிதக்கும் கண்ணீரைத் துணியால் பிடித்தேன், சுற்றுப்பலகையில் படாமல்.

212ஆம் இடத்துக்குத் திரும்பினேன். 171. 171. 171.

நாள் 407. 16:31

கேப்டன் வைரவன்.

“நல்ல நேரத்துல கொண்டுவந்து சேத்தீங்கம்மா. இருநூத்திப் பன்னெண்டு வினாடி, எஞ்சினுக்கு ஏத்தியாச்சு. நாங்க நெனச்சதவிட அதிகந்தான். பூமி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எல்லாரும் சாப்பிடப் போறோம்.”

நாள் 407. 16:33

171. 212 இல்லை. 171. 212 இல்லை.

நாள் 407. 16:52

“ஏட்டி, அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல. ரிசீவர மூடச் சொல்லுதாரு. கரண்டு மிச்சமாம். வேண்டியது வந்தாச்சுல்லா. எரிச்சு முடிச்சிட்டுப் பேசுவோம். மக்ரூன் ரெண்டு வச்சிருக்கேன் ஒனக்கு. ஒண்ணு லேசா ஒடஞ்சிருக்கு.”

நாள் 407. 20:10

‘இடம்’ என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம்.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் 185. பதினான்கு வினாடிப் பிழை. திருத்திக்கொண்டிருப்பார்கள்.

அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மூடிய காதுக்கு. கண்ணாடி மறுபடி நகர்ந்திருக்கலாம். எதை வைத்துப் பார்ப்பது?

நாள் 408. 10:40

கம்பியை வெட்டினேன். மீட்டர் அணைந்தது. இதனால் பயன் இல்லை.

நாள் 408. 11:14

எரிப்பின்போது ஒருவர் வாய்விட்டு எண்ண வேண்டும் என்பது கப்பல் வழக்கம். இசக்கிதான் எண்ணுகிறான். எனக்குக் கேட்கட்டும் என்று பேசும் ரேடியோவை மட்டும் திறந்து வைத்திருக்கிறான். நான் கேட்பது பதினான்கு நிமிடம் பழையது. எழுதும் இந்த நேரத்தில் அங்கே எல்லாம் முடிந்திருக்கும்.

“…நூறு. ஜெசி, கேக்கியா? சும்மா பொறப்பட்ட வண்டி மாதிரி அதிருது. நூத்தி ஒண்ணு…”

குரலில் சிரிப்பு இருக்கிறது.

“…நூத்தி அறுவத்தொம்பது. நூத்தி எழுவது.”

நிறுத்து.

“நூத்தி எழுவத்தொண்ணு.”

நிறுத்துலே.

“நூத்தி எழுவத்திரெண்டு.”