செண்பகத்துக்கு மூன்று ஊசி

தாராவி
12-6-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

பூலோகத்தில் எல்லோரும் நலம். அகமதாபாத் லோகத்தில் நீயும் உன் மில் சங்கும் நலமா? இங்கே மழை வந்துவிட்டது. வாசலில் ஓடுகிற தண்ணீரில் எதிர்வீட்டுப் பூதத்தான் மாமாவின் செருப்பு ஒன்று தானாகவே போய்விட்டது. ஒன்று மட்டும் இருந்து என்ன பயன் என்று மற்றதை நான் அனுப்பி வைத்தேன். இரண்டையும் மழைதான் கொண்டுபோனது என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பூலோகத்துக்குத் தினமும் ஒரு முட்டை அவித்துக் கொடுக்கவும்" என்று நீ எழுத மறந்துவிட்டாய். நானே சேர்த்து வாசித்துக்கொண்டேன். மூன்று நாள் முட்டை வந்தது. பங்கு கேட்டுக் கிடைக்காத ஆத்திரத்தில் தங்கச்சி செண்பகம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். பதினோரு வயதில் இவ்வளவு துரோகம் ஆகாது.

அவளைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். குழாயடியிலிருந்து அரைக் குடம் கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். "ரயில் நிக்குது, சிக்னல் விழல" என்று நான் கத்துவேன். சிரிப்பாள். சிரித்தாலும் மூச்சு வாங்குகிறது. போன வருஷம் முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்தபோது நீதானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். அந்த மராட்டி டாக்டரம்மா இந்தியில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னவனும் நீதான். மூன்று ஊசி, அதோடு சரி என்றாய். சரிதானே?

ஈரேழு லோகத்திலும் குறும்பு குறைந்த உன் தம்பி,
பூலோகம்



அகமதாபாத்
24-6-1966

அன்புத் தம்பி பூலோகத்துக்கு அண்ணன் நம்பிராஜன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

உன் கடிதம் கண்டு சிரித்தேன். அடுத்தவர் செருப்போடு விளையாடாதே. அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? குடத்தை நீ தூக்கு.

செண்பகத்துக்கு ஒன்றுமில்லை. வளருகிற பிள்ளைக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். மூன்று ஊசியில் சரியாகிவிட்டது என்றுதான் டாக்டர் சொன்னார். மறுபடி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம். அங்கே பக்கத்து லேபர் கேம்ப்பில் இருக்கிற சொரிமுத்து மாமா எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். தையில் கல்யாணம். நம் தெருவில் அவருக்கு நாலு பேரைத் தெரியும். சீக்குப் பிள்ளை இருக்கிற வீடு என்று பேச்சு வந்தால் என் கல்யாணமும் போகும், நாளைக்கு அவள் கல்யாணமும் போகும். நீ விவரம் தெரிந்தவன்.

இந்த வரிகளை அம்மாவுக்கு வாசிக்காதே.

உன் அண்ணன்,
நம்பிராஜன்



தாராவி
25-9-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

வாசிக்காதே என்றதை வாசிக்கவில்லை. அந்த இடத்தில் "அம்மா நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்" என்று போட்டு வாசித்தேன். நமக்கா வராது.

கணபதி ஊர்வலம் பார்க்க வேண்டும் என்று செண்பகம் அடம்பிடித்தாள். முதுகில் தூக்கிக்கொண்டு போனேன். "ஏட்டி, கணபதியைக் கரைக்கப் போறமா, உன்னையா?" என்றேன். "உன் வாயைக் கரைச்சா போதும்ணே" என்றாள். திரும்பி வரும்போது தலையை என் தோளில் போட்டுக்கொண்டாள். உதடு நீலமாக இருந்தது.

அண்ணே, அவள் இப்போது படுப்பதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறாள். பாதம் வீங்கி, அமுக்கினால் குழி விழுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அம்மா முந்தாநாள் கிளம்பிவிட்டாள். நீ சொன்னபடி நான்தான் நிறுத்தினேன். "அண்ணன் அன்னைக்கே டாக்டர்ட்ட கேட்டுட்டாம்மா" என்றேன்.

ஒரே ஒரு வரி எழுது. டாக்டரம்மா வேறு ஏதாவது சொன்னாளா?

பூலோகம்



அகமதாபாத்
2-10-1966

அன்புத் தம்பிக்கு,

வேறு எதுவும் சொல்லவில்லை. தை முடியட்டும், நானே வந்து கூட்டிப்போகிறேன். உப்பைக் குறைக்கச் சொல். செண்பகம் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள இந்த ஊர்ப் பாவாடை ஒன்று, சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது, பார்சலில் அனுப்புகிறேன். தைரியமாக இரு.

நம்பிராஜன்



தாராவி
20-10-1966

அண்ணனுக்கு,

லீவு கிடைக்கவில்லை என்ற உன் தந்தி வந்தது. அதற்கு மறுநாள் பாவாடை வந்தது.

நடந்ததை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் செண்பகத்துக்கு மூச்சு நிற்கிற மாதிரி வந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. டாக்சியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். அதே டாக்டரம்மா. பார்த்ததும் அவளை அடையாளம் தெரிந்துகொண்டாள். அவள் கொடுத்த காற்றையும் ஊசியையும் மீறி மத்தியானம் செண்பகம் போய்விட்டாள்.

பிறகு டாக்டரம்மா எங்களிடம் வந்தாள். கோபமாக இல்லை, அழுகிற மாதிரி இருந்தாள். "ஹர் மஹினே சுயி லக்னி தீ. கியோன் நஹி லாயே?" என்றாள். மாதா மாதம் ஊசி போட்டிருக்க வேண்டும், ஏன் கூட்டி வரவில்லை என்று. காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கடித்துவிட்டது, பெரியவளாகும் வரை ஊசியை விடவே கூடாது என்று உன்னிடம் இரண்டு தடவை சொன்னாளாம். நீ தலையாட்டினாயாம். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

அப்போதும் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னல சொல்லுதா? சொல்லுல."

நான் தமிழில் சொன்னேன்.

"நம்ம கையில ஒண்ணும் இல்லையாம்மா. எப்ப கூட்டிட்டு வந்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்குமாம்."

அம்மா டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எதற்குக் கும்பிடுகிறாள் என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

நான் முட்டைக்குப் பொய் சொன்னவன். செருப்புக்குப் பொய் சொன்னவன். அன்றைக்குச் சொன்னது உன் பொய். என் வாயால் சொல்ல வைத்துவிட்டாய். உன்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை. அம்மா ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளை இழக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். உன்னை நம்பி அம்மாவை நான் தடுத்த நாளுக்கு மட்டும் எந்தப் பாஷையிலும் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

பாவாடையை அம்மா மடித்து வைத்திருக்கிறாள். உனக்குப் பெண் பிறந்தால் கொடுக்கலாம் என்கிறாள்.

இனி எனக்கு எழுதாதே. வந்தால் பிரிக்கமாட்டேன். அம்மா தவித்துப்போவாளே என்று நீ கவலைப்பட வேண்டாம். மாதம் ஒரு தடவை அவளுக்கு உன் கடிதம் வரும். நான் வாசிப்பேன். அதில் நீ நல்லவனாக இருப்பாய்.

பூலோகம்