ஈசான்யத்தில் தொடங்கியவன்

டேய் பெரிய கம்பெனிக்காரா,

ஜெயித்துவிட்டேன். கண் தெரியாத உன் தங்கை அபிநயா நேற்று நெட்டை அணைத்துவிட்டு, பரீட்சைப் புத்தகம் முழுவதையும் கம்ப்யூட்டர் வாசிக்கக் கேட்டாள். "அண்ணா, நிக்கவே இல்லண்ணா!" என்று கத்தினாள்.

"எங்க கம்பெனி திருந்திடுச்சுடா, தமிழ் வாசிக்கிற சாஃப்ட்வேரை ஓப்பன் சோர்ஸா குடுத்துட்டோம்" என்றாய். "எல்லாம் வேஷம்" என்றேன். அதோடு நம் பேச்சு நின்றது. சோதித்துப் பார்க்கத்தான், உங்கள் சர்வர் இல்லாமலே ஓடும்படி அதைத் திருத்தி அனுப்பினேன். நன்றி சொல்லி, வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். சர்வரில்தானே அவர்கள் பிழைப்பு!

ஆனால் யாரும் எடுத்து மாற்றலாம் என்று உரிமத்தில் எழுதிக்கொடுத்ததும் அவர்கள்தான். நான் தனியாக எடுத்து நடத்தினேன். நீளமான வாக்கியம் வந்தால் நின்றுபோகும். முட்டி மோதியும் காரணம் பிடிபடவில்லை.

போன வாரம் பெயர் தெரியாத ஒருவர் திருத்தம் அனுப்பினார். கூடவே, நிற்காமல் ஓடுகிறதா என்று பார்க்க எட்டுச் சோதனைகள், கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களின் பெயரில். ஊரே இந்திர லிங்கத்திலிருந்து எண்ணும். அவர் கடைசியான ஈசான்யத்தில் தொடங்கியிருந்தார். "எங்க வீட்டாண்டதான்டா கிரிவலமே ஆரம்பம்" என்று சண்டை போடுகிறவன் உலகத்தில் ஒருத்தன்தான்.

பெயரை ஏன் மறைத்தாய் என்று புரிகிறது. ஆபீஸ் மெயிலை விட்டுத் தபாலில் எழுதுவதும் அதனால்தான்.

உன் கம்பெனியை இன்றும் நம்பமாட்டேன். திருத்தியது யாரென்று அபிநயாவிடம் சொல்லவில்லை. பௌர்ணமிக்கு வந்து நீயே சொல். ஈசான்யத்திலிருந்தே நடக்கலாம், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னும் வாய் அடங்காத,
உன் கூட்டாளி