மூன்றில் வைத்த பேஸ்

தா.பழூர்
20.5.1984

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி கொளஞ்சியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். குவைத்து வெயிலில் நீங்கள் தலையில் துண்டில்லாமல் திரிவதாகக் கேள்வி. முதலில் அதை நிறுத்துங்கள்.

அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. இனி மைக்செட்டு விஷயம்.

ஆம்ப்ளிபயர், குழாய் ஸ்பீக்கர், பெட்டி ஸ்பீக்கர் எல்லாவற்றையும் உங்கள் தம்பி மதுரைவீரனிடம் கொடுத்துவிடு, பொம்பளைக்கு மேடை வேலை சரிப்படாது என்று எழுதியிருந்தீர்கள். படித்த அன்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போது இல்லை. நடந்ததைக் கேளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அரியலூரில் ஒரு கல்யாண வரவேற்புக்கு நம் செட்டுதான். பாட்டுக்குழு பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது. அதில் பூமாலை என்பவர் பேஸ் கிட்டார். நம் செட்டில் அந்தக் கனத்த குரல் வாத்தியம் வாசிப்பது இதுதான் முதல் தடவை. அவருக்கென்று பெட்டி ஸ்பீக்கரைத் தனி ஆம்ப்ளிபயரில் மாட்டிக் கொடுத்தேன். உங்கள் தம்பி முந்திக்கொண்டு, "பேஸ் கிட்டாருன்னா பேஸைத்தானே அண்ணி கூட்டணும்" என்று ஆம்ப்ளிபயரில் கனத்தைக் கூட்டுகிற பேஸ் திருகைப் பத்து வரைக்கும் திருப்பிவிட்டார். பெட்டி கடகடவென்று அதிர்ந்தது. பந்தல் தகரமும் சேர்ந்து ஆடியது. தும் தும் என்று இடிதான் கேட்டதே தவிர, ஸ்வரம் ஒன்றும் பிரியவில்லை. பாடுகிற பெண்ணின் குரல் அதற்குள் அமுங்கிப் போனது. மாப்பிள்ளையின் அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"போயி எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வாங்க தம்பி" என்று உங்கள் தம்பியை அனுப்பினேன் மாமா. பேஸை மூன்றுக்கு இறக்கினேன். கீச்சுச் சத்தத்துக்கான ட்ரபிளைப் பாதிக்கு மேல் கொஞ்சம் ஏற்றினேன். நடுவில் நின்ற பெட்டியை மேடை மூலைக்குத் தள்ளிச் சுவரோடு ஒட்டி வைத்தேன். நம் வீட்டு ரேடியோ மூலையில் இருந்தால் கனமாகப் பாடும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், நான் அடுப்படியிலிருந்து தினமும் கேட்கிறவள். கனத்தைச் சுவர் கொடுத்துவிட்டது, விரல் கம்பியைத் தட்டுவது ட்ரபிளில் தெளிவாக வந்தது. பூமாலை நிமிர்ந்து பார்த்து, "இப்பத்தாங்க என் வாசிப்பு எனக்கே கேக்குது" என்றார். மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்தார். பிறகு தாளம் போடவும் ஆரம்பித்தார்.

டீயோடு திரும்பிய உங்கள் தம்பி, ஆம்ப்ளிபயர் சூடேறியதும் தான் வைத்த பத்துதான் அப்படித் தெளிவாகப் பேசியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். உங்களுக்கும் எழுதுவார். எழுதட்டும். பெட்டி எங்கே இருந்தது என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

பூலாம்பாடித் திருவிழாவுக்கும் அதே குழுதான். செட்டோடு அண்ணியே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் சரி என்றுவிட்டேன். செட்டு என்னிடமே இருக்கட்டும் என்று தம்பிக்கு நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

நீங்கள் புறப்பட்ட அன்று திருகுகளுக்கு நேராகச் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்து, இதைத் தாண்டாதே என்றீர்கள். அதை நான் அழிக்கவில்லை. பக்கத்தில் என் பொட்டையும் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் வந்து இரண்டிலும் வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள். மாரியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நான் மட்டும் கேட்டது போதும் மாமா.

உங்கள்
கொளஞ்சி